ரேகை பதியாத விரல்கள்

அன்புள்ள அண்ணனுக்கு,

மார்த்தாண்டத்துக்காரன் நான். பெங்களூரில் குழுக்கடன் தரும் ஒரு நிறுவனத்தில் போன மாதம் சி.டி.ஓ., அதாவது தொழில்நுட்பத் தலைவர், ஆனேன். முன்பெல்லாம் சர்வர் நிற்காமல் பார்த்துக்கொண்டால் போதும். இப்போது வியாபாரம், ஏஐ, சட்டம் என்று எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் பதில் கேட்கிறார்கள். எம்.பி.ஏ. படிக்கலாமா? கோடிங்கை விட்டுவிடலாமா? எங்கள் கருவியில் விரல் வைத்து ஆதாரைச் சரிபார்த்தால் ஐந்து நிமிடத்தில் கடன். ஒரு சின்னச் சதவீதம் பேருக்குத்தான் ரேகை பதிவதில்லை.
எஸ்.

அன்புள்ள எஸ்.,

நம்ம ஊர்ப் பிள்ளை இந்தப் பொறுப்புக்கு வந்ததில் ரொம்ப சந்தோஷம். எம்.பி.ஏ. ஆசை இருந்தால் படியுங்கள். கோடிங்கும் அப்படித்தான். என்னை உறுத்துவது உங்கள் கடைசி வரி.

என் சித்தி வாழ்நாளெல்லாம் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், முந்திரித் தோடு உடைத்தவள். எவ்வளவு சாம்பல் பூசினாலும் அந்தத் தோட்டின் எண்ணெய் விரலைத் தின்றுவிடும். 2020-இல் ரேஷன் கடைக்குக் கைரேகை மிஷின் வந்தது. சித்தி ஒவ்வொரு விரலையும் சேலையில் துடைத்துத் துடைத்து வைத்தாள். எதுவும் பதியவில்லை. “வீட்ல வேற ஆளு இருந்தா வரச்சொல்லுங்க” என்றார் கடைக்காரர். “இது எனக்க கைதானே மக்களே” என்றாள்.

சின்னச் சதவீதம் என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? உங்களிடம் குழுக்கடன் கேட்டு வருவதே இந்தப் பெண்கள்தானே! சர்வர் நின்றால் எல்லோருக்கும் தெரியும், ராத்திரியோடு ராத்திரியாகச் சரிசெய்வீர்கள். இவளுக்குக் கடன் இல்லை என்று மிஷின் சொன்னால் யாருக்கும் தெரியாது. அதைச் சொன்னது மிஷின் இல்லை, நீங்கள். உங்கள் வேலை மாறியிருப்பது இந்த இடத்தில்தான்.

2018 ஏப்ரலில் பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி 52 லட்சம் பேரின் கணக்குகளைப் புது அமைப்புக்கு மாற்றியது. பலரால் தங்கள் பணத்தையே தொட முடியவில்லை. எல்லாம் தயார் என்று அமைப்பைக் கட்டியவர்கள் சொன்னதைச் சரியாகச் சோதிக்கவில்லை என்று, அன்றைய தொழில்நுட்பத் தலைவர் கார்லோஸ் அபார்க்காவுக்கு 2023-இல் 81,620 பவுண்டு அபராதம் போட்டார்கள். வங்கிக்குப் போட்டது தனி, இது அவர் கையிலிருந்து கட்ட வேண்டியது. உங்களுக்கும் தயார் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். சொன்னவர் எந்த விரலை வைத்துப் பார்த்தார் என்று கேட்டீர்களா?

அடுத்த லீவுக்கு வரும்போது கருவியைக் கொண்டுவாருங்கள். சாயங்காலம் அண்டி ஆபீஸ் விடும் நேரத்தில் வாசலில் நின்று நீங்களே சோதித்துப் பாருங்கள். ஆதாரிலேயே ஓ.டி.பி., கருவிழி, முகம் என்று வேறு வழிகள் இருக்கின்றன. அதில் ஒன்றைச் சேர்க்காமல் அடுத்த வெர்ஷனுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். எம்.டி. கோபப்பட்டால் படட்டும்.