பைன் மேசைக்கு நிறம் ஏற்றுதல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகளுக்காக ஓசூரில் பைன் பலகைகள் வாங்கி வந்து, நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள ஒரு படிப்பு மேசையை நானே செய்தேன். வால்நட் நிற ஸ்டெய்ன் பூசியதும், மேற்பலகை முழுவதும் தேமல் படர்ந்ததுபோல் திட்டுத்திட்டாகிவிட்டது. பலகையின் வெட்டு முனைகள் கரியாகக் கறுத்துவிட்டன. இணைப்புகளை ஒட்டி வெளிறிய கோடுகள் தெரிகின்றன. இதைச் சரிசெய்ய வழி உண்டா?
– ஒரு வாசகர், பர்கூர்

பதில்: வழி உண்டு. ஆனால் இப்படி ஆனதற்கான காரணம் தெரிந்தால்தான் அடுத்த முறை கை சரியாகப் போகும் என்பதால், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பைன் மரத்தின் ஒவ்வோர் ஆண்டு வளையத்திலும், பருவத் தொடக்கத்தில் வளர்ந்த வெளிர் பகுதி மென்மையாகவும், பிற்பகுதியில் வளர்ந்த கருங்கோடு இறுக்கமாகவும் இருக்கும். மென்மையான பகுதி சாயத்தை மடமடவென்று குடித்துவிடும். இறுகிய கோடு குடிக்காது. அதனால் வெளிறி இருந்த இடம் கறுத்து, கறுத்திருந்த கோடு வெளிறித் தோன்றி, பழைய போட்டோ நெகட்டிவைப் பார்ப்பதுபோல் ரேகையே தலைகீழாகிவிடும். பிசின் அதிகம் உள்ள இடங்களில் சாயம் இறங்காமல் நிற்பதும் திட்டுகளுக்கு ஒரு காரணம். வெட்டு முனை கறுத்ததற்குக் காரணம் வேறு: அங்கே மரத்தின் நுண்குழாய்கள் வாய் திறந்து நிற்கின்றன. வெளிறிய கோடுகளோ இணைப்பில் பிதுங்கி வழிந்து காய்ந்த பசையின் தடம்.

இப்போது மேற்பலகையை 80 எண் உப்புத்தாளில் தொடங்கி, 120, பிறகு 180 என்று ரேகையின் போக்கிலேயே தேய்த்து எடுங்கள். குறுக்கே தேய்த்த கீறல் ஒன்று இருந்தாலும் சாயம் அதைக் கோடு போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். மென்மையான பகுதியில் ஆழமாக இறங்கிய நிறம் முழுவதும் வராது. மறுபடியும் அடர்நிறமே பூசப் போகிறீர்கள் என்பதால் அந்த மிச்சம் இருக்கட்டும். தேய்த்து முடித்ததும் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். பசை ஒட்டிய இடமும் விடுபட்ட கீறலும் அப்போது பளிச்சென்று தெரியும்; அவற்றைச் சரிசெய்து, பலகை நன்றாக உலர்ந்த பிறகு மேலே செல்லுங்கள். வெட்டு முனைகளை மட்டும் 320 எண் தாள்வரை கொண்டுபோனால் அவற்றின் தாகம் சற்று அடங்கும்.

அடுத்து, சாயம் காட்டும் முன் மரத்தின் வாயைப் பாதி அடைக்க வேண்டும். இதற்கு மெழுகு நீக்கிய அரக்குத் தகடே (ஷெல்லாக் செதில்) என் முதல் தேர்வு. 25 கிராம் தகட்டைக் கால் லிட்டர் பாலிஷ் ஸ்பிரிட்டில் இரவு முழுவதும் ஊறவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டி, ஒரே ஒரு கை பூசுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து 320 தாளால் மேலோட்டமாகத் தடவிவிட்டால் போதும். தபால் பைகளுக்கு முத்திரை வைத்த அதே அரக்கு இங்கே மரத்தின் தாகத்தைச் சமப்படுத்துகிறது. ஸ்பிரிட் நச்சுத்தன்மை கொண்டது, எளிதில் தீப்பற்றக்கூடியது. சன்னல்களைத் திறந்துவைத்து, அடுப்படிக்கு எட்டத்தில் வேலை செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்த நாளில் இதைத் தொட வேண்டாம். காற்றிலுள்ள ஈரம் படிந்து பூச்சு வெள்ளையாகப் பூத்துவிடும்.

இதன்மேல் எண்ணெய் வகை ஸ்டெய்னைத் துணியால் பூசி, இரண்டு மூன்று நிமிடங்களில் மிச்சத்தை வழித்துத் துடைத்துவிடுங்கள். நிறம் முன்னைவிட வெளிறியே வரும். அடர்த்தி போதாவிட்டால் ஒரு நாள் உலரவிட்டு இன்னொரு கை கொடுக்கலாமே தவிர, ஒரே தடவையில் தடிமனாக அப்பக் கூடாது. எல்லாவற்றுக்கும் முன்னால், அதே பலகையில் அறுத்தெடுத்த துண்டில் அரக்கு, சாயம், வார்னிஷ் மூன்றையும் வரிசையாகச் செய்து பாருங்கள். கடையின் நிற அட்டை வேறு மரத்தில் பூசியதாக இருக்கலாம். உங்கள் பலகையின் உண்மையை அந்தத் துண்டுதான் சொல்லும்.

ஒன்றை அவசியம் நினைவில் வையுங்கள். ஆளிவிதை எண்ணெய் கலந்த சாயத்தைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், அது காயும்போதே சூடேறித் தானாகத் தீப்பிடிக்கும். வெளியே ஒற்றை மடிப்பாக விரித்து உலர்த்துங்கள், அல்லது தண்ணீர் வாளியில் அமிழ்த்துங்கள்.

மேற்பூச்சாகப் பாலியூரித்தேன் வார்னிஷ் மூன்று கை போதும். முதல் கையில் பத்தில் ஒரு பங்கு டர்பன்டைன் கலந்து, ஒவ்வொன்றுக்கும் இடையே 24 மணி நேரம் விட்டு, 320 தாளால் தடவித் தூசியைத் துடைத்துவிட்டுப் பூசுங்கள். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் முற்றத்தில் வைத்துப் பூசினால், மேல்தோல் முதலில் இறுகி அடியில் குமிழ் கட்டும். விடியற்காலை நிழலே நல்லது. பலகையின் அடிப்பக்கத்தையும் பூச மறக்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் அடைபட்ட பலகை, கோடையின் வறட்சிக்கும் மழையின் ஈரத்துக்கும் இடையே வளைந்துகொள்ளும்.

பைன் மென்மையான மரம். ஒற்றைத் தாளை வைத்து பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால், எழுத்து பலகையில் பதிந்துவிடும். எத்தனை கை வார்னிஷ் பூசினாலும் இது மாறாது. மகள் எழுதும் இடத்தில் தடித்த அட்டை ஒன்றைப் போட்டு, அதை அவ்வப்போது இடம் மாற்றி வையுங்கள். ஒளி பட்ட பைன் நாளடைவில் நிறம் ஆழ்ந்துபோவதால், அட்டைக்கு அடியில் இருந்த இடம் மட்டும் தனித்துத் தெரியக்கூடும்.

கேள்வி: பைன் அலமாரிக்கு வெள்ளை பெயின்ட் அடித்தோம். ஆறு மாதத்தில் கணு இருந்த இடமெல்லாம் மஞ்சள் வட்டமாகத் தெரிகிறது. மேலே மறுபடி பெயின்ட் அடித்தும் நிற்கவில்லை.
– ஒரு வாசகி, பென்னாகரம்

பதில்: கணுவில் தங்கிய பிசின் கசிந்து வருகிறது, பெயின்டால் அதைத் தடுக்க முடியாது. கணுவின்மேல் உள்ள பெயின்டைச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, முன்பு சொன்ன அரக்குக் கரைசலை இரண்டு மடங்கு தடிப்பாக, காய்ச்சாமல் ஊறவைத்தே செய்து, கணுவைச் சுற்றி ஓர் அங்குலம் தாண்டி இரண்டு கை பூசுங்கள். உலர்ந்தபின் பிரைமரும் பெயின்டும் அடிக்கலாம்.

கேள்வி: இயந்திரங்கள் வந்த பழைய பைன் பெட்டிப் பலகையில் வீட்டுக்கு மேசை செய்யலாமா?
– ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: பலகையில் கோதுமைக்கதிர் முத்திரையைத் தேடுங்கள். அருகில் எச்.டி. (HT) என்று இருந்தால் மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸில் குறைந்தது 30 நிமிடம் சூடேற்றப்பட்டது என்று பொருள், அதைப் பயன்படுத்தலாம். எம்.பி. (MB) என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகையூட்டப்பட்டது, வீட்டுக்குள் வேண்டாம். இந்த முத்திரை பூச்சிகளுக்காக வைக்கப்படுவது, பெட்டியில் எது சிந்தியது என்பதை அது சொல்லாது. ஆகவே எண்ணெய்க்கறையோ காரவாடையோ உள்ள பலகையை ஒதுக்கிவிடுங்கள். இழைப்புளி போடும் முன் ஒரு காந்தத்தை மெல்ல நகர்த்திப் பாருங்கள். உள்ளே புதைந்த ஆணி ஒன்று போதும், அலகு பல்லிளித்துவிடும்.