ஒற்றை சிகரெட்டுக்கு ஏது பெட்டி?

கேள்வி: செக்போஸ்ட் பக்கத்தில் பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். ஆஸ்திரேலியாவில் சிகரெட் பெட்டியில் கம்பெனியின் நிறமோ சின்னமோ கிடையாதாம், என் மகன் சொல்கிறான். அது இங்கே வந்தால் இருக்கிறவன், இல்லாதவன் எல்லாரும் ஒரே மாதிரி குறைத்துக்கொள்வார்களா சார்?
- கடைக்காரர், புளியரை

பதில்: மகன் சொன்னது சரிதான் அண்ணாச்சி. 2012 டிசம்பர் 1 முதல் அங்கே எந்தக் கம்பெனி சிகரெட்டானாலும் ஒரே அழுக்குப் பழுப்பு நிறப் பெட்டிதான். எந்த நிறம் பார்க்கவே பிடிக்கவில்லை என்று புகைக்கிறவர்களிடமே கேட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். முதலில் அதை 'ஆலிவ் பச்சை' என்று சொல்லப்போய், ஆலிவ் விவசாயிகள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். அப்புறம் பெயரை மாற்றினார்கள். முன்பக்கம் 75 சதவீதம், பின்பக்கம் 90 சதவீதம் எச்சரிக்கை. பிராண்டின் பெயர் மட்டும் ஒரே மாதிரி எழுத்தில், சின்னதாக இருக்கும்.

பலன் இருந்ததா? இருந்தது. விக்டோரியாவில் புதுப் பெட்டிக்கு மாறியவர்களில் பலர் 'சிகரெட் முன்னைப்போல இல்லை, தரம் குறைந்துவிட்டது' என்றார்களாம். உள்ளே இருந்தது அதே புகையிலை! நியூ சவுத் வேல்ஸில், விட நினைக்கிறவர்களுக்கான உதவி எண்ணுக்கு அழைப்புகள் 78 சதவீதம் கூடின. ஆனால் 2013 முதல் வருடா வருடம் வரியையும் 12.5 சதவீதம் ஏற்றினார்கள். எனவே குறைந்ததெல்லாம் பெட்டியால் மட்டும் என்று சொல்ல முடியாது. இத்தனைக்குப் பிறகும் அங்கே ஏழைப் பகுதிகளிலும் பழங்குடி மக்களிடமும்தான் புகைப்பது அதிகம். பலர் விலை குறைந்த பிராண்டுக்கு இறங்கினார்களே தவிர, விடவில்லை.

இனி நம்ம ஊருக்கு வருவோம். என் கதையையே சொல்கிறேன். செங்கோட்டையில் ஒரு மர டிப்போவில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது பதினெட்டு வருடம் குடித்தேன். சம்பளம் வந்த வாரம் முழுப் பெட்டி. வெள்ளைச் சட்டைப் பையில் அதன் நிறம் வெளியே தெரிய வேண்டும், பாதிக் காசு அதற்குத்தான். பதினைந்தாம் தேதிக்கு மேல் ஒற்றை. கடைசி நாலு நாள் பீடி. பீடி நாட்களில் டீக்கடைக்கு முன்னால் நிற்க மாட்டேன், பின்பக்கம் கழுநீர்த் தொட்டிப் பக்கம் ஒதுங்கிவிடுவேன். அசிங்கமான பெட்டி அன்றைக்கு வந்திருந்தால், அந்த முதல் வாரத்து மனுஷனைக் கொஞ்சம் கூசவைத்திருக்கும். இருபத்தெட்டாம் தேதி மனுஷனுக்கு அது ஏது? அவன் பெட்டியையே பார்க்கவில்லையே.

உங்கள் கடையையே பாருங்கள். புனலூர் போகிற காரை ஓரங்கட்டிவிட்டுப் பெட்டியாக வாங்குகிறவர் ஒரு நாளைக்கு எத்தனை பேர்? லோடுமேன் வந்து சில்லறையை வைத்து "ஒண்ணு குடுங்க" என்கிறார். கல்லாவுக்குப் பக்கத்தில் மூடி திறந்தே கிடக்கிற பெட்டியிலிருந்து ஒன்றை உருவி நீட்டுகிறீர்கள். கயிற்றில் தொங்குகிற லைட்டரில் பற்றவைத்துக்கொண்டு அவர் போய்விடுகிறார். எச்சரிக்கைப் படம் இருப்பது உங்கள் பக்கம். 2016 ஏப்ரலிலிருந்து நம் பெட்டியிலும் இருபுறமும் 85 சதவீதம் எச்சரிக்கைதான், 2018 செப்டம்பரிலிருந்து 1800-11-2356 என்ற உதவி எண்ணும் அச்சாகிறது. அதையெல்லாம் தினமும் பார்க்கிற ஒரே ஆள் நீங்கள்தான். நீங்கள் குடிப்பவரா என்றுகூட எனக்குத் தெரியாது!

2016-17 கணக்கெடுப்பின்படி, நம் நாட்டுப் பெரியவர்களில் சிகரெட் குடிப்பவர்கள் 4 சதவீதம், பீடி குடிப்பவர்கள் 7.7 சதவீதம். பீடிக்கட்டிலும் எச்சரிக்கைப் படம் உண்டு. ஆனால் சுருண்டு கிடக்கும் அந்த மெல்லிய காகிதத்தில், முதல் பீடியை உருவும்போதே பாதி கிழிந்துவிடும். ஆகையால் என் கணக்கு இது: சின்னமில்லாத பெட்டி மட்டும் வந்தால் கார்க்காரர் யோசிப்பார், காலேஜ் பையன் கொஞ்சம் தயங்குவான், லோடுமேனுக்கு எதுவும் மாறாது. முதலில் ஒற்றை விற்பதை நிறுத்த வேண்டும். உங்கள் வியாபாரம் அடிபடும் என்று தெரிந்துதான் சொல்கிறேன், கோபப்படாதீர்கள்.

கேள்வி: பீடி சுற்றித்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தேன். குடிக்கிறவர்களெல்லாம் நிறுத்திவிட்டால் எங்கள் கதி?
- பீடித் தொழிலாளி, கடையநல்லூர்

பதில்: என் அம்மாவும் மடியில் சுளகை வைத்து இலை வெட்டியவர்தான், தங்கச்சி. கடைசி வரை தூள் வாசம் அவர் சேலையை விட்டுப் போகவில்லை, இருமலும்தான். மலைக்கு அந்தப்பக்கம் கண்ணூரில் 1969-ல் பீடித் தொழிலாளர்கள் தினேஷ் கூட்டுறவு என்று தொடங்கினார்கள். பீடி விற்பனை சரிந்தபோது அதே அமைப்பு குடை, தேங்காய்ப் பால், மசாலாப் பொடி என்று இறங்கியது. நம் பக்கத்தில் அப்படி ஒன்றை யாராவது தொடங்கினால் முதல் குடையை நான் வாங்கிக்கொள்கிறேன். குற்றாலச் சாரலுக்கு எப்படியும் வேண்டும்.