உங்களுக்குப் பிடித்த ஸ்டாண்ட்-அப் காமெடியன் யார்? அவருடைய பேச்சில் சிரிப்பு எங்கிருந்து வருகிறது?

பெயர்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் அலெக்சாண்டர் பாபு, அடுத்துப் பிரவீன் குமார். மூன்றாமவர், நெல்லிக்குப்பத்திற்கும் பண்ருட்டிக்கும் இடையிலுள்ள எங்கள் கிராமத்தின் திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்தில், நான் நான்காம் வகுப்புப் படித்த காலத்தில், கட்டியக்காரன் வேடம் கட்டிய ஒருவர். அவருடைய சொந்தப் பெயரை அன்று யாரும் கேட்டதில்லை. வேடத்தின் பெயராலேயே டீக்கடையிலும் அழைத்தார்கள். பெயர்கள் மட்டும் வேண்டியவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். கேள்வியின் இரண்டாம் பாதிதான் என்னை எழுத உட்கார வைத்தது. ஏனென்றால், 2006ஆம் ஆண்டு ஒரு திருமண வரவேற்பில் மைக்கை வாங்கி, முந்நூறு பேரை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்து, அதன் பலனாக இரண்டு ஆண்டுகள் தங்கை வீட்டுப் படியை மிதிக்க முடியாமல் போனவன் நான்.

இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் வெறும் ரசனைக்காகக் கேட்பதில்லை என்பது என் ஊகம். அலுவலக ஆண்டு விழாவிலோ நண்பரின் நிச்சயதார்த்தத்திலோ நீங்கள் பேச வேண்டியிருக்கும். யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று தேடுகிறீர்கள். ஊகம் தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். சரியென்றால், கீழே வரும் திருமணக் கதையைச் சற்று நிதானமாகப் படியுங்கள்.

தெருக்கூத்தில் அரசனுக்கு முன்னால் களத்தில் இறங்குபவன் கட்டியக்காரன். அரசன் வருகிறான் என்று அறிவிப்பது, திரைக்குப் பின்னாலிருந்து பாடுகிறவனிடம் நீ யார், எந்த நாடு என்று விசாரிப்பது, விருத்தத்தில் சொல்லப்பட்டதை ஊர்ப் பேச்சில் உடைத்துச் சொல்வது, அன்பளிப்புக் கொடுத்தவர்களின் பெயரைக் கூவுவது, விடியற்காலை மூன்று மணிக்குப் பாயில் சரிந்துகிடப்பவர்களை எழுப்பி உட்கார வைப்பது எல்லாம் அவன் பொறுப்பு. புஜக்கட்டையும் கிரீடமுமாகத் துரியோதனன் சுழன்றாடித் தன் தம்பியர் தொண்ணூற்றொன்பது பேரின் பெருமையைப் பாடி முடித்ததும், எங்கள் கட்டியக்காரர் கைகட்டி, “ராஜா, நூறு பேருக்கும் ஒரே ரேஷன் கார்டா, தனித்தனி கார்டா?” என்று கேட்டார். “ஒரே கார்டுதான்!” என்று துரியோதனன் கர்ஜித்தான். “அப்ப பாரதப் போரு கெடக்கட்டும். ரெண்டு கிலோ சக்கரைய நூறு பேருக்கு எப்படிப் பிரிச்சீங்க, அதை மொதல்ல சொல்லுங்க. நம்ம கடைக்காரரு கத்துக்கலாம்னு முன்னாடியே வந்து உக்காந்திருக்காரு.” எடை குறைப்பதில் ஊரே அறிந்த புகழுடைய அந்த விற்பனையாளரும் சேர்ந்துதான் சிரித்தார்.

அவர் ஏன் கோபித்துக்கொள்ளவில்லை என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்கு விளங்கிற்று. கட்டியக்காரர் அதற்கு முன் ஒரு மணி நேரமாகத் தம்மைப் பற்றித்தான் பேசியிருந்தார்: அரண்மனையில் மூன்று மாதச் சம்பளப் பாக்கி, முட்டி கிழிந்த கால்சட்டை, கோபித்துக்கொண்டு தாய்வீடு போன மனைவி, திரும்பி வர வேண்டுமானால் அவள் விதித்த நிபந்தனைகள். இந்தக் களத்தில் தன்னைவிடத் தாழ்ந்தவன் எவனும் இல்லை என்று முதலில் நிறுவிவிட்ட ஒருவனிடம் யார் சண்டைக்குப் போவார்கள்? பிறரைப் பார்த்துச் சிரிப்பதற்கான விலையை அவர் முன்கூட்டியே தம் கையிலிருந்து கட்டிவிட்டார்.

நவீன மேடைக் கலைஞரை நாட்டார் கலையோடு ஒப்பிடலாமா, இரண்டின் தோற்றமும் வேறல்லவா என்று சிலர் கருத்துப் பெட்டிக்கு வருவார்கள். வேறுதான். தனி மைக்கும் உயர்ந்த முக்காலியும் அமெரிக்கக் கிளப்புகளிலிருந்து வந்தவை என்பதை நான் மறுக்கவில்லை. சிரிக்கிறவன் தமிழனாக இருக்கும்போது அவன் காதில் எது ஏற்கெனவே இருக்கிறது என்பதைப் பற்றித்தான் பேசுகிறேன்.

அந்தக் காதை முழுதாக அறிந்தவர் அலெக்சாண்டர் பாபு. ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர், பொறியியல் படித்து, அமெரிக்காவில் மென்பொருள் வேலை பார்த்து, அதை உதறிவிட்டு மேடைக்கு வந்தவர். 2019இல் அமேசான் பிரைமில் வெளியான அவருடைய ‘அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்’ நிகழ்ச்சியை என் தாயாருடன் உட்கார்ந்து பார்த்தேன். ஸ்டாண்ட்-அப் என்ற சொல்லையே கேட்டிராத அம்மா, பாதி நிகழ்ச்சியில் என்னிடம், “இவரு கச்சேரி பண்றாரா, காலட்சேபம் பண்றாரா?” என்று கேட்டார். நான் படித்த விமர்சனங்களைவிட அந்தக் கேள்வி சரியாக இருந்தது. பாட்டும் கதையும் சிரிப்பும் ஒரே ஆளிடமிருந்து ஒரே மூச்சில் வருவது நமக்குப் புதிதன்று, கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் கிந்தனார் காலட்சேபத்தில் செய்தது அதுதான். கிருபானந்த வாரியார் முன் வரிசைச் சிறுவர்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டே புராணம் சொன்னதும் அந்த வழிதான்.

அலெக்சாண்டர் பாபுவின் தனித்திறம், பாட்டை நிறுத்தும் இடத்தில் இருக்கிறது. நாற்பது ஆண்டுகளாக நாம் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு பாட்டைச் சுத்தமான சுருதியில் தொடங்குகிறார். மிச்ச அடியை நம் மனம் தானாகப் பாடப் போகும் அந்தக் கணத்தில் நிறுத்துகிறார். மனம் தனியே ஓடிக்கொண்டிருக்கும் அந்த இடைவெளியில் கிண்டலைச் செருகுகிறார். யேசுதாஸையோ எஸ்.பி. பாலசுப்ரமணியத்தையோ அவர் பாடிக் காட்டும்போது, அந்தக் குரல்களைக் கேட்டே வளர்ந்த ஓர் ஊர்ப் பையனும் கூடவே மேடையில் நிற்கிறான். நமக்குச் சிரிப்பு வருவது அந்தப் பையனைப் பார்த்து. பெரிய கலைஞர்கள் மீது ஒரு சிறு கீறலும் விழுவதில்லை.

பிரவீன் குமாரின் வழி வேறு. பெங்களூருவில் வாழும் இந்தத் தமிழரின் ‘மிஸ்டர் ஃபேமிலி மேன்’ நிகழ்ச்சியில் பாட்டு இல்லை, குரல் மாற்றம் அதிகமில்லை, கெட்ட வார்த்தையும் இல்லை. ஒரு கணவன், ஒரு தகப்பன், வீட்டில் தன் பேச்சுக்கு மதிப்பில்லை என்பதைத் தாமதமாகப் புரிந்துகொள்ளும் ஒரு நல்ல மனிதன். அவ்வளவுதான் மேடையில் இருப்பது. மனைவியை மட்டம் தட்டும் நகைச்சுவையைத் தொலைக்காட்சியில் இருபது ஆண்டுகளாகக் கேட்டுச் சலித்தவர்கள் இவரைக் கேட்டால் வேறுபாடு புரியும். அங்கே மனைவி முட்டாளாக இருப்பார். இங்கே முட்டாள் கணவன்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். தமிழாசிரியர் ஒருவர் இதை நடத்தியபோது மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்ததோடு சரி. இப்போது பார்க்கையில், நான்கில் ஒன்றுதான் பிறரைத் தாழ்த்துவது. மற்ற மூன்றும் அறியாப் பருவம், அறிவின்மை, சொன்னதை அப்படியே நம்பிவிடும் வெகுளித்தனம். இந்த மூன்றையும் தம் தலையில் ஏற்றிக்கொள்பவர்களையே எனக்குப் பிடித்திருக்கிறது. எள்ளல் ஒன்றை மட்டும் வைத்துப் பிழைப்பவர்கள் ஐந்து நிமிடம் நன்றாக இருக்கிறார்கள்.

நான் அந்த ஐந்து நிமிடக்காரனாக இருந்தேன். விஜய் டிவியில் ‘கலக்கப்போவது யாரு’ 2005இல் தொடங்கிய பின், தமிழ்நாட்டுத் திருமண மண்டபம் ஒவ்வொன்றிலும் மெல்லிசைக் குழுவின் பாடகர் தண்ணீர் குடிக்கும் இடைவேளையில் மைக்கைப் பிடுங்க ஓர் உறவுக்கார இளைஞன் காத்திருந்தான். என் தங்கையின் வரவேற்பு மஞ்சக்குப்பத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது; மாப்பிள்ளை வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டை. மணப்பெண்ணின் அண்ணன் என்ற உரிமையில் நானே எழுந்தேன்.

முதல் நகைச்சுவை இது: “தங்கச்சிய பாண்டிச்சேரியில குடுத்ததுலேருந்து என் சிநேகிதங்களுக்குத் திடீர்னு அவ மேல பாசம் பொங்குது. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஃபோன் பண்ணி, ‘தங்கச்சியப் பாத்து எவ்ளோ நாளாச்சு, போயிட்டு வருவோமா’ங்கறானுங்க.” மண்டபம் அதிர்ந்தது. எல்லைக்கு அப்பால் மது விலை குறைவு என்பதைக் கடலூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தச் சிரிப்பு தலைக்கேற, யோசிக்காமல் இரண்டாவதை எடுத்துவிட்டேன்: “மாப்பிள்ளை வீட்டு வேன் ஏன் ஒரு மணி நேரம் லேட்டுன்னா, முள்ளோடை செக்போஸ்ட்ல எல்லாரையும் ஊதச் சொன்னாங்களாம். ஊதி முடிச்சதும் போலீஸ்காரருக்குப் போதை ஏறிடுச்சாம்.”

முதலாவதைவிடப் பெரிய சிரிப்பு. முன் வரிசையிலிருந்து மாப்பிள்ளையின் தாயார் எழுந்து, புடவைத் தலைப்பைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு, பந்தி நடக்கும் பக்கம் போனார். சாப்பிடப் போகிறார் என்றே நினைத்தேன். மாப்பிள்ளைக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அவருடைய தந்தை மஞ்சள் காமாலையில் இறந்தார் என்று சம்பந்தம் பேசும்போது சொல்லியிருந்தார்கள். காமாலை எதனால் வந்தது என்று நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. மாப்பிள்ளை இறுதிவரை மேடையில் நின்று புகைப்படங்களுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். மறுநாள் தாலி கட்டி முடிந்து புறப்படும்போது என்னிடம், “நல்லா பேசினீங்க மச்சான்” என்று மட்டும் சொன்னார். அடுத்த மாதம் பலகாரத்தோடு கிளம்பிய என்னைத் தங்கை தொலைபேசியில் தடுத்தாள்: “நீ வராதண்ணா. நானே வரேன்.”

எனக்குத் தெரியாது என்று வெகு காலம் வாதிட்டேன். முந்நூறு பேர் சிரித்தார்களே என்றும் வாதிட்டேன். இரண்டும் உண்மைதான். இரண்டு நகைச்சுவைகளையும் பலமுறை அசைபோட்ட பிறகுதான் வேறொன்று கண்ணில் பட்டது. முதலாவதில் குடிகாரர்கள் எங்கள் ஊர்க்காரர்கள், அவர்களை அழைத்துப் போகிறவன் நான். இரண்டாவதில் குடிகாரர்கள், எங்கள் மண்டபத்திற்குள் விருந்தாளிகளாக வந்து கைகட்டி உட்கார்ந்திருந்தவர்கள். பொருள் ஒன்றே, விலையைக் கட்டும் கை மட்டும் மாறிவிட்டது. கூத்தில் கட்டியக்காரனின் கால்சட்டை கிழிந்திருந்தது. நான் பட்டு வேட்டியில் நின்றுகொண்டிருந்தேன்.

2008இல் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியாது என்பதால் அழைத்தார்கள். போனேன், மடியில் வைத்துக்கொண்டேன், வாயைத் திறக்கவில்லை.

பின்னர் வேலை நிமித்தம் நானே புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்து, லாசுப்பேட்டையில் பதினைந்து ஆண்டுகளாக இருக்கிறேன். ஆகவே இப்போது அந்த மது நகைச்சுவை என் மீதே வந்து விழுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் சென்னையிலிருந்து வந்த ஒரு கலைஞர் (பெயர் வேண்டா, மற்ற மேடைகளில் நன்றாகவே பேசுகிறார்) ஓட்டல் அரங்கு ஒன்றில் முதல் இருபது நிமிடத்தையும் இதிலேயே ஓட்டினார். நான் மதுவுக்கு வக்காலத்து வாங்கவில்லை, என் ஊரைக் கிண்டல் செய்யக் கூடாதென்றும் சொல்லவில்லை. கிண்டல் செய்ய இங்கே எவ்வளவு இருக்கிறது என்பதுதான் என் ஆதங்கம். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள முதியவர்கள் இங்கிருந்தபடியே பிரான்சின் அதிபர் தேர்தலில் வாக்களிக்கிறார்கள்; அதே கையோடு தெருச் சாக்கடைக்காக நகராட்சிக்கு மனு எழுதுகிறார்கள். ஒன்றியப் பகுதி துண்டு துண்டாகக் கிடப்பதால், ஒரு பேருந்துப் பயணத்தில் தமிழ்நாட்டிற்குள் நுழைந்து நுழைந்து வெளியேறுகிறோம். போலீஸ்காரர் தலையில் இன்னும் பிரெஞ்சுப் பாணிச் சிவப்புத் தொப்பி. பாரதியார் 1908 முதல் 1918 வரை வாழ்ந்த ஊர், நாடகத் தந்தை சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் கண்மூடிய ஊர். எங்கள் கட்டியக்காரருக்கு இவ்வளவும் கிடைத்திருந்தால் விடிய விடிய ஓட்டியிருப்பார். வந்தவர் தங்கும் விடுதியிலிருந்து அரங்கு வரை நடந்திருந்தால்கூட இதில் பாதி கிடைத்திருக்கும்.

நிற்க. கேட்பவர் வேறு யாரையெல்லாம் பார்க்கலாம் என்றால், அரவிந்த் எஸ்.ஏ. இருக்கிறார், கார்த்திக் குமார் இருக்கிறார், 2020இல் வந்த ‘காமிக்ஸ்தான் செம்ம காமெடி பா’ போட்டியில் அபிஷேக் குமாரும் மற்றவர்களும் பேசிய விதத்தைப் பார்க்கலாம். காலத்தில் பின்னால் போக விருப்பமிருந்தால், வானொலியில் ‘இன்று ஒரு தகவல்’ சொன்ன தென்கச்சி கோ. சுவாமிநாதனைத் தேடிக் கேளுங்கள். சிரிப்பு வரும் இடத்தில் குரலை ஓர் இழைகூட உயர்த்தாமல், அடுத்த வாக்கியத்திற்கு முன் ஒரு மூச்சு விடுவார். அந்த ஒரு மூச்சை நான் 2006இல் விட்டிருந்தால், இரண்டாவது நகைச்சுவையை விழுங்கியிருக்கலாம்.

சென்ற ஆவணியில் என் மகளின் நிச்சயதார்த்தம் புதுச்சேரியில் நடந்தது. யாரும் எதிர்பாராத வகையில் தங்கையின் கணவர் மைக்கை வாங்கினார். முதலில் தம் வழுக்கையைப் பற்றி இரண்டு நிமிடம், பிறகு இருபது ஆண்டுகளாகியும் தமக்குக் கார் ஓட்ட வராதது பற்றி. அதற்குப் பின் என் பக்கம் கை நீட்டினார். “எங்க மச்சான் கடலூர்ல இருந்த காலத்துல மாசம் தவறாம தங்கச்சியப் பாக்கக் கெளம்பி வந்துடுவாரு. அவ்ளோ பாசம்.” ஒரு மூச்சு விட்டார். “தங்கச்சி கடலூருக்குத்தான் வந்திருக்கான்னு சொன்னாலும், பாண்டிச்சேரிக்கு வந்துடுவாரு.”

முன் வரிசையில் அவருடைய தாயார் வாயைத் தலைப்பால் மூடிக்கொண்டு சிரித்தார். நான் குடிப்பதில்லை என்பதை அன்று அந்த மண்டபத்தில் ஒருவரிடமும் சொல்ல முடியவில்லை.