சேர்வராயன் மலையில் சந்தன மரத்தின் மரபணுவை ஏன் ஆராய்கிறார்கள்? கன்று நட்டால் போதாதா?

மரபணு வேற்றுமை என்பது ஒரே இன மரங்களுக்குள் பிறவியிலேயே இருக்கும் வித்தியாசம். ஒன்று வறட்சியைத் தாங்கும், ஒன்று சீக்கிரம் வைரம் பாயும், இன்னொன்று நோய்க்கு அசையாது. எது எப்படி என்பது வெளியே பார்த்தால் தெரியாது. அதனால் பல மரங்களிலிருந்து இலை எடுத்து, டிஎன்ஏ பிரித்து ஒப்பிடுகிறார்கள். கோவையில் இதற்கென்றே வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம் இருக்கிறது.

சந்தனத்தில் ஒரு சிக்கல் உண்டு. பறவைகள் பழத்தைத் தின்று விதை பரப்புவது ஒரு பக்கம். வெட்டுப்பட்ட மரத்தின் வேரிலிருந்தும் புதுக்கன்று கிளம்பும், அது பழைய மரத்தின் நகல்தான். ஆக ஏற்காட்டுச் சரிவில் பத்து மரம் நின்றால், மரபணுக் கணக்கில் அது ஒரே மரமாகவும் இருக்கலாம்! சேலத்து மாந்தோப்பில் ஒரே தாய் மரத்திலிருந்து கட்டிய ஒட்டுச்செடிகள் மாதிரி. பழம் ஒரே ருசி, சரி. ஒன்றைச் சாய்க்கிற நோய் வந்தால் மற்றதுக்கும் அதே கதிதான். சந்தனத்துக்கு அப்படியொரு நோய் ஏற்கெனவே உண்டு: ஸ்பைக் நோய், இலை சிறுத்து மரமே பட்டுப்போகும். கடத்தல்காரர்கள் வேறு வைரம் பாய்ந்த நல்ல மரங்களாகப் பார்த்து வெட்டுகிறார்கள். அவற்றின் விதையும் அதோடு போகிறது.

அதனால் கன்று நடும் முன் விதை எத்தனை தாய் மரங்களிலிருந்து வந்தது என்று கேட்பதுதான் முக்கியம் என்பேன். அப்புறம், மரபணு ஆராய்ச்சி என்றதும் பலர் மரபணு மாற்றப் பயிரை நினைக்கிறார்கள். இங்கே எதையும் மாற்றுவதில்லை, இருப்பதைப் படிக்கிறார்கள், அவ்வளவுதான்.