மகள் மனநல மருத்துவம் படிக்கட்டும், அண்ணா

ஆந்திர எல்லையில் இருக்கிற குப்பம் என்ற ஊரிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். தக்காளி வியாபாரம். மகள் எம்பிபிஎஸ் மூன்றாம் ஆண்டு. "கண்ணு, தோலு, எந்த டாக்டரா வேணா ஆகட்டும். பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்கற படிப்பு மட்டும் வேண்டாம்னு நீங்க சொல்லுங்க தம்பி, நீங்க சொன்னா கேப்பா" என்கிறார். பல வீடுகளில் இதே பேச்சு ஓடுவதால், அவருக்கு எழுதிய பதிலை அவர் சம்மதத்தோடு இங்கே தருகிறேன்.

அண்ணா, வணக்கம்.

பாப்பாவிடம் போனில் பேசினேன். அவள் மனதை மாற்ற முயற்சி செய்யவில்லை. பேச வேண்டியது உங்களிடம்தான் என்று தோன்றியது.

உங்கள் கடிதத்தின் நடுவே தங்கச்சியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். முதலில் தூக்கம் போனது, மூன்று ராத்திரி கண் மூடாமல் வீட்டைக் கழுவிக்கொண்டே இருந்தார், அப்புறம்தான் பேச்சு மாறியது, கோயில் கோயிலாக அழைத்துப் போனோம் என்று. அப்போது பாப்பா எட்டாம் வகுப்பு. அத்தைக்கு ஏன் தூக்கம் முதலில் போனது என்ற கேள்வி அன்றிலிருந்து அவளுக்குள் இருக்கிறது. இந்தப் படிப்பை அவள் கேட்பதற்குக் காரணமும் அதுதான். எந்தத் துறையில் பணம் வரும் என்று விசாரிக்கும் பிள்ளைகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். ஒரு கேள்வியோடு வருகிற பிள்ளை அபூர்வம்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் எவ்வளவு பெரிய அறிவியல் இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில், ஏறக்குறைய 20,000 செல்கள் கொண்ட ஒரு சின்னக் கொத்து இருக்கிறது. உடம்புக்கு அதுதான் கடிகாரம். கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்து அது நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. எப்போது தூக்கம் வர வேண்டும், எப்போது உடம்புச் சூடு குறைய வேண்டும், தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் என்ற ஹார்மோன் எப்போது சுரக்க வேண்டும் என்பதெல்லாம் அதன் கையில். கோயம்பேட்டுக்கு ராத்திரி லோடு கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்து, பகலில் படுத்தால் எவ்வளவு களைப்பு இருந்தாலும் நல்ல தூக்கம் வருவதில்லையே, அது இந்தக் கடிகாரத்தின் வேலை. செல்லுக்குள் இது எப்படி ஓடுகிறது என்று பழ ஈக்களில் கண்டுபிடித்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் பக்கத்திலும் இந்த வேலை நடந்திருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் என்ற விலங்கியல் பேராசிரியர் இருந்தார். சமணர் மலைக் குகை வௌவால்களை வைத்து அவரும் மாணவர்களும் ஆராய்ந்தார்கள். வெளிச்சமே படாத குகைக்குள் அடைத்து வைத்த வௌவால்கூட, கூட்டத்தின் மற்ற வௌவால்கள் போய் வருகிற நேரத்தை வைத்துத் தன் நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது என்று காட்டினார்கள். தனியாக இருந்த வௌவாலின் நேரம் மெல்ல மெல்ல விலகிப்போனது. மனிதர்களையும் கடிகாரம், சூரிய வெளிச்சம் எதுவும் எட்டாத ஓர் அறையில் தங்கவைத்து அங்கே ஆராய்ந்திருக்கிறார்கள். பாப்பாவுக்கு இதைச் சொன்னபோது, "அத்தையைத் தனி ரூம்ல அடைச்சு வச்சாங்களே சார்" என்று கேட்டாள். எனக்கு பதில் வரவில்லை.

பார்க்காமல் நோயின் பெயர் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் பைபோலார் என்று ஒரு நோய் உண்டு. மனம் ஒரு காலத்தில் அளவுக்கு மீறிப் பொங்கும், இன்னொரு காலத்தில் அடியோடு சோர்ந்துபோகும். தூக்கம் கெடுவது அதற்கு அறிகுறி மட்டுமில்லை, சிலருக்கு அதுவே நோயைக் கிளப்பிவிடும். 1949இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர் இதற்கு லித்தியம் உப்பு வேலை செய்கிறது என்று கண்டார். இன்றும் ரத்தப் பரிசோதனையோடு கொடுக்கிற முக்கியமான மருந்து அது. அதே லித்தியம் உடல் கடிகாரத்தின் ஓட்டத்தையும் மெதுவாக்குகிறது என்று பிற்பாடு தெரியவந்தது. இரண்டுக்கும் என்ன தொடர்பு என்பது இன்னும் முடியாத ஆராய்ச்சி.

மூளை ரசாயனத்தின் கதையும் இப்படித்தான். நம் சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுத்த ரெசர்பைன் மருந்தை முயல்களுக்குக் கொடுத்தார் ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல்சன். அவை அசைவில்லாமல் கிடந்தன. டோபமைன் என்ற மூளை ரசாயனமாக மாறும் எல்-டோபாவைக் கொடுத்ததும் எழுந்து நடமாடின. அது 1957. டோபமைன் ஆராய்ச்சிக்காக 2000இல் அவருக்கு நோபல். ஆனால் இதை வைத்து, 'செரட்டோனின் என்ற இன்னொரு மூளை ரசாயனம் குறைந்தால் மனச்சோர்வு, ஏற்றினால் சரி' என்று யாராவது சுருக்கிச் சொன்னால் பாப்பா நம்பக் கூடாது. மனச்சோர்வுக்கான மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் செரட்டோனின் அளவு மாறத் தொடங்குகிறது. மனம் தேறவோ வாரக்கணக்காகிறது. நடுவில் என்ன நடக்கிறது? கண்டுபிடிக்க ஆள் வேண்டும்.

இவ்வளவு இருந்தும் மருத்துவ மாணவர்கள் ஏன் இந்தத் துறைக்கு வரத் தயங்குகிறார்கள்? இதைப் பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். மாணவர்களின் மனப்பான்மையை அளப்பதற்கென்றே கேள்வித்தாள்கள் உண்டு. காரணங்கள் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: இதில் அறிவியல் குறைவு, நோயாளி குணமாக மாட்டார், மதிப்பு இல்லை, வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மனநல வார்டில் போஸ்டிங் என்கிற பயிற்சியை முடித்தபின் இந்த எண்ணம் பலருக்கு மாறுகிறது. குணமாகி வீட்டுக்குப் போகிறவர்களைக் கண்ணால் பார்க்கிறார்கள் அல்லவா? அப்புறம் தொடர்பு விட்டுப்போனால் பழைய எண்ணம் திரும்பி வருவதும் உண்டு. நம் எம்பிபிஎஸ்ஸில் மனநல மருத்துவத்துக்குத் தனிப் பரீட்சை இல்லை, பொது மருத்துவத்துக்குள் அடக்கம். போஸ்டிங் சில வாரம்தான். அதனால் வீட்டில் நீங்கள் சொல்கிற ஒரு சொல்லுக்கு இதில் எடை அதிகம் அண்ணா. "பைத்திய டாக்டர்" என்று இனி அவள் காதுபடச் சொல்ல வேண்டாம்.

நோயாளிகளோடு பழகினால் இவளுக்கும் வந்துவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். வராது. இது தொற்று நோய் இல்லை. கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. தான் பார்த்த நோயாளி உயிரை மாய்த்துக்கொண்டால் அந்தப் பாரத்தைத் தாங்க வேண்டும். அதைப் பேசி இறக்கிவைக்க நல்ல சீனியர்கள் வேண்டும். கல்லூரி தேர்ந்தெடுக்கும்போது இதை விசாரிக்கச் சொல்லுங்கள்.

சரி, வழி என்ன? எம்பிபிஎஸ் முடித்து, நீட் பிஜி என்ற நுழைவுத் தேர்வு எழுதி மூன்று வருட எம்.டி. மேற்படிப்பு. பெங்களூருவில் இருக்கிற தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸுக்கு ஐஎன்ஐ-செட் என்று வேறு நுழைவுத் தேர்வு. உங்கள் ஊரில் ரயில் ஏறினால் ஒரு பக்கம் பெங்களூரு, இன்னொரு பக்கம் காட்பாடி இறங்கி வேலூர் சிஎம்சி. அதன் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது. பிறகு குழந்தைகள், முதியோர், போதைப் பழக்கம் என்று எம்.டி.க்கு மேலே டி.எம். படிப்புகளும் நிம்ஹான்ஸில் உண்டு. பெரிய மெஷின் எதுவும் வாங்காமல் கிளினிக் வைக்கலாம். ரேடியாலஜி அளவுக்குச் சம்பாத்தியம் ஆரம்பத்தில் இருக்காது, ஆனால் வேலைக்குப் பஞ்சமில்லை. நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. அதிலும் உங்கள் பக்கத்தில் ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுகிறார்கள். பாப்பாவுக்கு மூன்றும் தெரியும். நோயாளி பேசுவதைக் கேட்டுத்தான் இங்கே நோயைக் கணிக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் அதைச் செய்யக்கூடிய டாக்டர் அந்த எல்லைப் பகுதிக்கு எத்தனை பேர் கிடைப்பார்கள்?

கல்யாணப் பேச்சு வரும்போது பார்த்துக்கொள்ளலாம். டாக்டர் பெண்ணுக்கு வரன் வராமல் போகாது.

இப்போது செய்ய வேண்டியது: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்), எம்பிபிஎஸ் மாணவர்களுக்காகக் குறுகிய கால ஆராய்ச்சி உதவித் திட்டம் ஒன்று நடத்துகிறது. இரண்டு மாத வேலை. கல்லூரி மனநலத் துறையில் வழிகாட்டியாக ஒரு பேராசிரியரைப் பிடித்து, இரவுப் பணி நர்சுகளின் தூக்கம் மாதிரிச் சின்னத் தலைப்பில் விண்ணப்பிக்கட்டும். செய்துபார்த்தபின் ஆர்வம் நிற்கிறதா என்று அவளுக்கே தெரிந்துவிடும். அதுவரை ஆம், இல்லை என்று நீங்களும் முடிவு சொல்ல வேண்டாம்.

அப்புறம், தங்கச்சிக்கு இந்தத் தை மாதமும் தூக்கம் குறைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்குக் காத்திருக்காதீர்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416க்கு இரவோ பகலோ இலவசமாகப் பேசலாம். இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பாப்பாவுக்கு லீவு கிடைத்தால் அவளும் கூட வரட்டும்.