கம்பெனி மூன்று வருடத்துக்கு ஃபிராங்க்ஃபர்ட் போகச் சொல்கிறது, கையெழுத்துப் போடலாமா?

கேட்டிருப்பவர் தேவகோட்டைக்காரர், சென்னையில் ஐ.டி. வேலை. மனைவியும் வேலைக்குப் போகிறவர், அப்பா அம்மா ஊரில் தனியாக இருக்கிறார்கள். பேக்கேஜ் நன்றாக இருக்கிறது, போகலாமா என்கிறார்.

போகலாம். ஆனால் கம்பெனி கையெழுத்துக்குக் கொடுத்திருக்கும் கடிதத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள். நான் அதே ஊருக்கு 2021-இல் போய் 2024-இல் காரைக்குடிக்குத் திரும்பியவன். அதற்கு முன்னால் சில வருடம் ஹெச்.ஆரில் ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் டீமிலேயே இருந்தேன். ஊருக்கெல்லாம் விளக்கிச் சொல்லிவிட்டு என் முறை வந்தபோது நானே கோட்டை விட்டேன்.

நம்ம செட்டிநாட்டுப் பக்கத்துக்கு இது புதிதா என்ன? எங்கள் ஐயாவின் அப்பச்சி, அதாவது தாத்தாவின் அப்பா, ரங்கூனில் மொகல் தெரு வட்டிக்கடை ஒன்றுக்கு அடுத்தாளாக (உதவியாளராக) போனவர். அவருடைய சம்பளச்சீட்டு இன்னும் வீட்டுப் பெட்டகத்தில் கிடக்கிறது. ஒரே ஒரு தாள். தவணை மூன்று வருடம், மூன்று வருடத்துக்கும் சேர்த்து இவ்வளவு சம்பளம், புறப்படும்போது இவ்வளவு முன்பணம், மீதி கணக்கை ஒப்படைத்த பிறகு. பெண்டு பிள்ளைகளெல்லாம் ஊரில்தான். கொடுமைதான், எங்கள் ஐயா தன் அப்பச்சியின் முகத்தைப் பார்த்ததே இரண்டரை வயதில். ஆனால் எப்போது திரும்புவது, திரும்பினால் கைக்கு என்ன வரும் என்பதில் அந்த மனுஷனுக்கு ஒரு குழப்பமும் இருந்திருக்காது. என் கடிதம் பதினான்கு பக்கம். விமான டிக்கெட், சாமான் அனுப்புவது, முதல் முப்பது நாள் தங்குவது, பள்ளிக் கட்டணம் எல்லாம் விலாவாரியாக இருந்தது. திரும்பி வருவதைப் பற்றி ஒரே ஒரு வரி, "அப்போதுள்ள காலியிடத்தைப் பொறுத்து" என்று. அந்த ஒரு வரி என்னை நாலு மாதம் வேலை எதுவும் ஒதுக்கப்படாமல் பெஞ்சில் உட்கார வைத்தது. அனுப்பிய மேனேஜர் கம்பெனியிலேயே இல்லை, புதியவருக்கு நான் யாரென்றே தெரியாது. கடைசியில் போகும்போது இருந்ததைவிடச் சின்ன வேலையைக் கொடுத்தார்கள், ஒரு வருடத்தில் விட்டுவிட்டேன். அதனால் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: திரும்பும்போது எந்த கிரேடில், யாரிடம் ரிப்போர்ட் செய்யப் போகிறேன், வேலை தயாராக இல்லை என்றால் எத்தனை மாதச் சம்பளம். வாயால் சொல்வது போதாது, எழுதி வாங்குங்கள்.

இரண்டாவது, வருமான வரி. திரும்பி வந்து எட்டு மாதம் கழித்து முந்தைய வருட போனஸ் வந்தது. வேலை பார்த்தது ஜெர்மனியில் என்பதால் அதற்கு அங்கே வரி, நான் மறுபடி ரெசிடென்ட், அதாவது வரிக் கணக்கில் இந்தியாவில் வசிப்பவன், ஆகிவிட்டதால் இங்கேயும் காட்ட வேண்டும். இரட்டை வரி ஒப்பந்தம் இருக்கிறது, கழித்துக்கொள்ளலாம்தான், ஆனால் ஜெர்மன் ரிட்டர்ன் போட்டுத் தரும் ஆடிட்டரை நான் திரும்பிய வருடத்தோடு கம்பெனி நிறுத்தியிருந்தது. கைக்காசில் ஆள் பிடித்தேன். திரும்பிய பிறகும் இரண்டு வருடத்துக்கு டேக்ஸ் உதவி வேண்டும் என்று கேளுங்கள், பெரிய செலவில்லை, கொடுப்பார்கள். புறப்படும் தேதியையும் பாருங்கள். ஏப்ரலிலிருந்து எண்ணி 182 நாள் இங்கே இருந்துவிட்டால் அந்த நிதியாண்டுக்கு நீங்கள் இந்திய ரெசிடென்ட், அங்கே வாங்கும் சம்பளமும் இங்கே கணக்கில் வரும்.

இந்தியச் சம்பளப் பட்டியலிலேயே வைத்து அனுப்புகிறார்களா, ஜெர்மன் கம்பெனியில் புது ஒப்பந்தமா என்றும் தெளிவாகக் கேளுங்கள். முதல் வகை என்றால் பி.எஃப். அலுவலகத்தில் கவரேஜ் சான்றிதழ் வாங்கிவிட்டால் இங்கே பி.எஃப். தொடரும், அங்கே பென்ஷனுக்குச் சம்பளத்தில் 9.3 சதவீதம் பிடிக்க மாட்டார்கள். இரண்டு நாட்டுக்கும் இடையில் இதற்கான விரிவான ஒப்பந்தம் 2017 மே மாதத்திலிருந்து நடப்பில் இருக்கிறது. அமெரிக்காவோடு இப்படி எதுவும் இல்லை. இரண்டாவது வகை என்றால் நடுவில் ஊருக்கு வந்து ஒரு மாதம் லேப்டாப்பில் வேலை பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். உங்களால் தங்களுக்கு இந்தியாவில் வரிப் பொறுப்பு வந்துவிடும் என்று பயந்து பல கம்பெனிகள் அனுமதிப்பதில்லை. பிள்ளையார் நோன்புக்கு வருவதென்றால் லீவு போட்டுத்தான்.

இன்னொன்று, இப்போது பல கம்பெனிகள் வீடு பிடித்துத் தருவது, சாமான் அனுப்புவது என்று தனித்தனியாகச் செய்யாமல் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து நீயே பார்த்துக்கொள் என்கின்றன. கேட்கத் தாராளமாகத் தெரியும். அது வரி போனபிறகு கைக்கு வரும் தொகையா, வரிக்கு முந்தையதா என்று கேட்டால்தான் சாயம் வெளுக்கும். அந்த ஊரில் வீட்டு அட்வான்ஸே மூன்று மாத வாடகை வரை கேட்பார்கள். எனக்குக் கொடுத்த முப்பது நாளில் வீடு அமையவில்லை, ஆறாவது வாரம் ஒன்று கிடைத்தது. சாவி வாங்கித் திறந்தால் அடுப்படி என்ற அறையில் இரண்டு குழாய் வாய் மட்டும் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிறது. தொட்டி இல்லை, மேடை இல்லை, அலமாரி இல்லை. அங்கே பல வாடகை வீடுகள் அப்படித்தான், போகிறவர் சமையலறையைக் கழற்றி எடுத்துக்கொண்டே போய்விடுவார். வீடியோ காலில் பார்த்த ஆத்தா, "ஏய்யா, அடுப்படி இல்லாத வீட்டுக்கா இம்புட்டு வாடகை?" என்றார்கள். நாங்கள் வாங்கிய சமையலறை வந்து சேர ஏழு வாரம். அதுவரை தரையில் வைத்த இண்டக்‌ஷன் அடுப்பு, பாத்திரம் கழுவ குளியல் தொட்டி.

மனைவி விஷயத்தில் ஜெர்மனி பரவாயில்லை, துணைவருக்கு வேலை செய்ய அனுமதி உண்டு. சிங்கப்பூரில் 2021 மே முதல் டிபென்டன்ட் பாஸில் இருப்பவர் வேலை பார்க்கத் தனியாக ஒரு வேலை பாஸ் வாங்க வேண்டும். ஆனால் அனுமதி வேறு, வேலை வேறு. ஜெர்மன் மொழி வராமல் என் மனைவிக்கு ஒன்றரை வருடம் எதுவும் அமையவில்லை. மொழி வகுப்புக் கட்டணத்தை அவருக்கும் சேர்த்துக் கேளுங்கள், புறப்படுவதற்கு ஆறு மாதம் முன்னாலேயே சென்னையில் ஆரம்பித்துவிடட்டும்.

அப்பா அம்மா. இதற்குத்தான் என்னிடம் நல்ல பதில் இல்லை. 2024 மார்ச்சிலிருந்து புதிதாக அனுமதி வாங்கும் திறன்பணியாளர்கள் பெற்றோரையும் அழைத்துக்கொள்ளலாம் என்று அங்கே சட்டம் வந்திருக்கிறது, ஆனால் எழுபது வயதுக்காரருக்கு அங்கே செல்லுபடியாகும் மருத்துவக் காப்பீடு குதிரைக்கொம்பு. சுற்றுலா விசா என்றால் 180 நாளில் 90 நாள்தான். அதற்குள் குளிர் பிடிக்கவில்லை என்று அவர்களே கிளம்பிவிடுவார்கள் என்பது வேறு கதை. எங்கள் வீட்டில் உட்பகுதியான வளவும் பட்டாலையும் பூட்டிக் கிடக்க, அப்பச்சியும் ஆத்தாவும் முகப்பை ஒட்டிய ஒரே அறையில் மூன்று வருடம் இருந்தார்கள். அவசரத்துக்கு வந்துபோக வருடத்துக்கு இரண்டு டிக்கெட் என்று கடிதத்தில் சேர்க்கச் சொன்னேன், ஒன்று கொடுத்தார்கள், இரண்டு முறை தேவைப்பட்டது. நீங்கள் இரண்டு கேட்டு இரண்டும் வாங்குங்கள்.

கிரைண்டரைத் தாராளமாக எடுத்துப் போங்கள், அங்கேயும் 230 வோல்ட்தான், பிளக்கை மட்டும் மாற்ற வேண்டும்.