நிலத்தை விற்கும் முன் அந்த நோட்டைப் பாருங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு அப்பா மகளோடு படிப்பு ஆலோசனை கேட்க வந்திருந்தார். மகள் ப்ளஸ் டூ. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்று பெங்களூரு மாமா முடிவே கட்டிவிட்டார். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட்டும் பேசியாகிவிட்டது. ரோட்டோர நிலத்தை விற்கலாமா என்பதுதான் அப்பாவின் கேள்வி. அந்தப் பெண் வாயே திறக்கவில்லை, ஒரு நோட்டை மட்டும் நீட்டினாள். அப்பத்தா வீட்டை டேப் பிடித்து அளந்து வரைந்திருந்தாள். முற்றத்தில் விழும் மழைத் தண்ணீர் எந்த மூலை வழியாக அண்டாவுக்குப் போகிறது என்று அம்புக்குறிகூடப் போட்டிருந்தாள்.

ஐயா, அன்றைக்குத் தன்மையாகச் சொன்னதை இப்போது அழுத்திச் சொல்கிறேன். நிலத்தை விற்காதீர்கள். பிள்ளைக்கு மனமில்லாத படிப்புக்கு நிலத்தைக் கொடுத்தால் இரண்டும் போய்விடும். மாமா நல்லவர்தான், ஆனால் நான்கு வருடம் வகுப்பில் உட்காரப்போவது அவர் இல்லை.

இவளுக்கு உரியது பி.ஆர்க்., அதாவது கட்டடக்கலைப் பட்டம். ஐந்து வருடப் படிப்பு. ப்ளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் இருக்க வேண்டும், கட்டடக்கலைக்கான நுழைவுத் தேர்வான நாட்டா எழுத வேண்டும். அதில் வரைதிறனையும் பார்ப்பார்கள். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பள்ளி, திருச்சி என்.ஐ.டி. (இதற்கு மட்டும் நாட்டா இல்லை, ஜே.இ.இ.யின் கட்டடக்கலைத் தாள்) இரண்டையும் முதலில் குறிவையுங்கள். எந்தக் கல்லூரியானாலும் கட்டடக்கலை கவுன்சிலின் அங்கீகாரம் உண்டா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள முடியும்.

கண்ணாடிக் கட்டடம் வரைய ஆள் நிறைய இருக்கிறார்கள். உங்கள் ஊர் வெயிலுக்கும் மழைக்கும், அங்கே கிடைக்கும் மண்ணுக்கும், கொத்தனாரின் கைக்கும் ஏற்ற வீட்டை யோசிக்கத்தான் ஆள் குறைவு. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசிய சுவர், தரைக்குப் போடும் ஆத்தங்குடிக் கல், தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லைச் சாய்வாக அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை எல்லாம் இவள் தினமும் பார்த்து வளர்ந்தவை. லாரி பேக்கர் என்ற ஆர்க்கிடெக்ட் திருவனந்தபுரத்தில் செங்கல்லை நிமிர்த்தி வைத்து நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டினார். எலிப்பொறிக் கட்டு என்பார்கள். ஏறக்குறைய கால்வாசிச் செங்கல் மிச்சம், உள்ளே வெக்கையும் குறைவு. ஆரோவில்லில் 1989இல் தொடங்கிய எர்த் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. தோண்டிய மண்ணைச் சலித்து, நூற்றுக்கு ஐந்து பங்கு போலச் சிமென்ட் கலந்து, அச்சில் அழுத்திச் சூளையே இல்லாமல் கல் செய்யக் கற்றுத்தருகிறார்கள். விடுமுறையில் அங்கே பயிற்சிக்குப் போகட்டும். கையில் மண் ஒட்டினால்தான் இந்த வேலை பிடிபடும்.

மண் வீடு ஏழை வீடு என்று மாமா சொல்லுவார். மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா பாசோ நாட்டில் காண்டோ என்றொரு கிராமம். அந்த ஊர்க்காரரான ஆர்க்கிடெக்ட் பிரான்சிஸ் கெரே, ஊராரைச் சேர்த்துக்கொண்டு 2001இல் மண்கல்லால் அங்கே ஒரு தொடக்கப் பள்ளி கட்டினார். வெக்கை வெளியேறத் தகரக் கூரையைத் தூக்கி வைத்தார். 2022இல் அவருக்குப் பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. கட்டடக்கலையில் அதற்கு மேல் பரிசு இல்லை என்றே சொல்வார்கள்.

ஒன்றை மறைக்கமாட்டேன். முதல் சில வருடம் சம்பளம் குறைவு, மென்பொருள் வேலையோடு ஒப்பிட முடியாது. லேப்டாப், மாடல் செய்யும் அட்டை, ஊர் ஊராகப் போகும் படிப்புப் பயணம் என்று ஃபீஸுக்கு மேலும் செலவு வரும். கவுன்சிலிங்கில் அரசு இடமோ அரசு ஒதுக்கீட்டு இடமோ கிடைத்தால் சேருங்கள். இந்தப் படிப்புக்கும் மேனேஜ்மென்ட் கோட்டா வேண்டாம். இந்த வருடம் கிடைக்காவிட்டால் ஒரு வருடம் வரைந்து பழகி மறுபடி நாட்டா எழுதட்டும்.

அந்தக் கல்லூரிக்கு அட்வான்ஸ் கொடுப்பதை நிறுத்திவிடுங்கள். அடுத்த வாரம் வரும்போது அவளே பேசட்டும். அப்பத்தா வீட்டில் மாடியை இன்னும் அளக்கவில்லையாம். ஏணியைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை என்றாள். நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.